அண்ணிக்கும் எனக்கும் ஒரே குளியலறை

நவம்பர் 10

இந்த டைரி என் விருப்பத்தில் எழுதுவதல்ல. வாத நோய் டாக்டர் சொல்லியிருக்கிறார். "தினமும் வலி எப்படி இருக்குன்னு எழுதிட்டு வாங்கம்மா. பத்துக்கு எத்தனைன்னு மார்க் போடுங்க." முடக்குவாதம் வந்து விரல்கள் இஞ்சிக்கிழங்கு போல் ஆகிவிட்ட ஒருத்தியிடம் எழுதச் சொல்கிறார். எத்தனை வருஷம் படித்தாரோ.

நான் கோர்ட்டில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். எழுதச் சொன்னால் ஒழுங்காக எழுதுவேன். மார்க் மட்டும் போடமாட்டேன். வலி என்ன பள்ளிக்கூடத்திலா படிக்கிறது?

கைகூடப் பரவாயில்லை, பாதம்தான் கொடுமை. காலையில் எழுந்து நிற்கும்போது உள்ளங்காலுக்குள் யாரோ ஜல்லியைக் கொட்டித் தைத்துவிட்டது போல இருக்கிறது. அந்தப் பாதத்தோடு குளியலறைக்குப் போக வேண்டும். அங்கே வழவழவென்று வெள்ளை டைல்ஸ். கோவை வடவள்ளியில் ஐப்பசி மாதத்துக் குளிர் எப்படி என்று இந்த ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியும். அந்தத் தரையில் கால் வைத்தால் வலி உச்சந்தலை வரை ஏறுகிறது. செருப்புப் போட்டுக்கொண்டு போனால் சோப்புத் தண்ணீரில் வழுக்குகிறது. போன வாரம் குழாயைப் பிடித்துத் தொங்கித்தான் தப்பித்தேன்.

"முதல்ல பாத்ரூம் தரையை மாத்துங்க. மெத்துனு இருக்கணும், வழுக்கக் கூடாது, சில்லுனு இருக்கக் கூடாது" என்று டாக்டர் சொன்னார். அவர் சொன்னதில் உருப்படியானது இது ஒன்றுதான்.

நவம்பர் 13

சென்னியப்பன் கால்மிதி வாங்கி வந்தார். சென்னியப்பன் என்பது என் வீட்டுக்காரர். நேரில் பெயர் சொல்ல மாட்டேன். டைரியில் சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்?

"மேகத்து மேல நிக்கற மாதிரி இருக்கும்னு போட்டிருக்கு ரத்தினா." மேகத்தின் மேல் நின்று பார்த்தவன் எவனோ எழுதியிருக்கிறான், இவரும் நம்பி வாங்கியிருக்கிறார்.

காலுக்கு மெத்தென்றுதான் இருக்கிறது. பொய் சொல்லமாட்டேன். ஆனால் நம் வீட்டுக் குளியலறை வெளிநாட்டுக் குளியலறையா? பக்கெட்டில் மொண்டு ஊற்றினால் தரை முழுக்கத் தண்ணீர். அந்தப் பஞ்சு அத்தனையையும் குடித்துவிட்டு உப்பிக்கொண்டு கிடக்கிறது.

நவம்பர் 15

கால்மிதி நாறுகிறது. மழையில் நனைந்த நாய் போல. பின்பக்கம் தூக்கிப் போட்டேன். "காய வச்சா சரியாயிடும்" என்கிறார். இவர் தலைமாட்டில்தான் காய வைக்க வேண்டும்.

நவம்பர் 18

குளியலறைத் துன்பம் போதாது என்று இன்னொன்று. இவருடைய அக்கா தெய்வானை, எனக்கு அண்ணி, வருகிறார்கள். தாராபுரத்தில் அவர்கள் வாடகைக்குக் குடியிருக்கும் வீட்டை இடிக்கப் போகிறார்களாம். வேறு வீடு கிடைக்கும் வரை "கொஞ்ச நாள்" இங்கே இருப்பார்களாம். கல்யாணம் ஆகாதவர்கள். பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர்கள். ஊரே அவர்களைப் பார்த்தால் வரிசையில் நிற்கும். நான் நிற்கமாட்டேன். இப்போது நினைத்தாலும் நிற்க முடியாது.

"அவங்களுக்குன்னு யார் இருக்கா ரத்தினா?" என்று என்னையே கேட்கிறார். கீழ்வீட்டில் இருப்பது ஒரே ஒரு குளியலறை. மேல்வீட்டில் வாடகைக்காரர்கள். இதையெல்லாம் யோசிக்க மூளை வேண்டும்.

நவம்பர் 22

வந்துவிட்டார்கள். தோளில் பை, நிமிர்ந்த முதுகு, எழுபதைத் தாண்டிய உடம்பில் ஒரு கூன் கிடையாது. வந்ததும் என் கையைப் பார்த்தார்கள், காலைப் பார்த்தார்கள்.

"என்னம்மிணி, இப்படி நடக்கறே?"

"முடக்குவாதம் அண்ணி. பாதத்தை ஊன முடியல."

"வலின்னு படுத்தா படுத்ததுதான். காலைல எந்திரிச்சு நாலு ரவுண்டு ஓடு. வலி எங்க போச்சுன்னு தேடுவ."

இவர் அசடு வழியச் சிரித்தார். எனக்குத் தெரிந்த ஒரு ஜட்ஜ் இப்படித்தான், வாதியைப் பார்க்காமலே தீர்ப்பை எழுதி வைத்திருப்பார்.

நவம்பர் 24

அண்ணி விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறார்கள். வெறும் காலோடு. நான் செருப்பும் கால்மிதியுமாகத் திண்டாடும் அதே தரையில் திம் திம் என்று நடக்கிறார்கள். வெளியே வந்து, "தரையில என்னம்மிணி இருக்குது? தரை தரையாட்டத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

எப்போது கிளம்புவார்கள் என்று இவரைக் கேட்டேன். தினமும் கேட்கப் போகிறேன்.

நவம்பர் 27

அடியில் உறிஞ்சிகள் வைத்த ரப்பர் மேட். இவருடைய அடுத்த கண்டுபிடிப்பு. தரையை அட்டை போலக் கவ்விக்கொண்டது. காலுக்கும் ஓரளவு இதம். சரி, முதல் தடவையாக ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார் என்று நினைத்தேன். இன்று கழுவுவதற்காகத் தூக்கினால் அடியில் பாசி, சளி போல. பார்த்த பிறகு சோறு இறங்கவில்லை. தினமும் அதைப் பிடுங்கி எடுத்துக் கழுவித் திரும்பப் போட வேண்டுமாம். இந்த விரல்களால்.

நவம்பர் 29

இதை எழுதாமல் தூங்கமாட்டேன்.

அண்ணி எனக்குப் பரிசு வாங்கி வந்தார்கள். அக்குபிரஷர் மேட். பிளாஸ்டிக்கில் வரிசை வரிசையாக முள். "இது மேல தினம் நின்னா ரத்த ஓட்டம் நல்லாயிருக்கும். பாத்ரூம்லயே போட்டுக்க. தரையும் ஆச்சு, வைத்தியமும் ஆச்சு." சொல்லிவிட்டு அவர்களே கொண்டுபோய்ப் போட்டும் விட்டார்கள். போட்டது எனக்குத் தெரியாது. நான் பாதித் தூக்கத்தில் போய் மிதித்தேன்.

கத்தியது மேல்வீட்டுக்குக் கேட்டிருக்கிறது. அந்தப் பெண் இறங்கி வந்து "ஆன்ட்டி, என்னாச்சு?" என்று கேட்டாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். என் அழுகையை ஒரு வாடகைக்காரி பார்க்கும்படி செய்துவிட்டார்கள்.

அண்ணிக்கோ ஆச்சரியம். "இதுக்கா கத்தறே?" என்று அந்த முள்ளின் மேலேயே ஏறி நின்றார்கள். நின்றபடி பேப்பர் படித்தார்கள். தலையங்கம் வரைக்கும். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. என்ன ஜன்மமோ, காலில் தோலுக்குப் பதில் டயர் வைத்துப் பிறந்திருக்கிறது.

டிசம்பர் 3

டைல்ஸ் கடைக்குப் போனோம். நானும் இவரும். கூப்பிடாமலே அண்ணியும்.

கடையில் கண்ணாடிக் கதவு, ஏசி, கழுத்துப்பட்டை கட்டிய விற்பனையாளர். "ஆன்டி ஸ்கிட் பாக்கறீங்களா மேடம்? வழுக்கவே வழுக்காது." கொண்டுவந்து காட்டினார். கையால் தடவிப் பார்க்கச் சொன்னார். நான் கையாலா குளியலறைக்குள் நடக்கிறேன்? செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் நின்றேன். உப்புத்தாள். வழுக்காதுதான், தோலை உரித்துக் கையில் கொடுக்கும்.

அடுத்தது, அடுத்தது என்று ஒவ்வொன்றாகத் தரையில் வைக்கச் சொல்லி ஏறி நின்றேன். கடையில் இருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். "கால் வச்சுப் பாத்து வாங்கற முதல் கஸ்டமர் நீங்கதான் மேடம்" என்றார் விற்பனையாளர். பெருமையாகச் சொல்கிறார். காலுக்கு வாங்கும் பொருளைக் கண்ணுக்கு வாங்கிக்கொண்டு போகிற ஊர் இது.

தக்கைப் பலகை ஒன்று காட்டினார். வெதுவெதுப்பாக, மெத்தென்று, ஒரு நிமிஷம் எனக்கு அங்கேயே நிற்க வேண்டும் போல் இருந்தது. "தண்ணி பட்டா?" என்று கேட்டேன். "பெட்ரூமுக்கு நல்லாருக்கும் மேடம்." நான் கேட்டது குளியலறைக்கு.

அண்ணி ஷூவோடு ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "ஒரு தரைக்கு இத்தனை அலப்பறையா?" என்று பொதுவாகச் சொன்னார்கள். கடைசியில் விற்பனையாளரே சொன்னார், டைல்ஸை விடுங்கள், ஆஸ்பத்திரிகளில் போடுகிற வினைல் விரிப்பு இருக்கிறது, அடியில் மெத்தை வைத்தது, ஈரத்துக்கென்றே சன்னமான பிடிப்பு கொடுத்தது, ஒரே விரிப்பாகச் சுவர் வரை ஏற்றிவிடலாம் என்று. துண்டை எடுத்து வந்து போட்டார். அதன்மேல் தண்ணீரை ஊற்றச் சொன்னேன். யோசித்துவிட்டு ஊற்றினார். நின்றேன். நடந்தேன். காலடியில் ஏதோ ஒன்று விட்டுக்கொடுத்தது. அவ்வளவுதான் சொல்வேன்.

டிசம்பர் 5

நிறத்துக்குச் சண்டை. நான் வெளிர் மணல் நிறம் என்றேன். அண்ணி காப்பிக்கொட்டை நிறம் என்கிறார்கள்.

"வெள்ளையாட்டம் இருந்தா அழுக்குத் தெரியும் அம்மிணி."

"அழுக்குத் தெரிஞ்சாத்தானே அண்ணி கழுவ முடியும்?"

"நான் சொல்றதை ஒரு தடவை கேளு. டார்க்காப் போடு."

தரை தரைதான் என்று சொன்னவர்களுக்குத் திடீரென்று நிறத்தில் இத்தனை அக்கறை! அரைமணி நேரம் விடவில்லை. இரண்டு நாளில் வேறு வீட்டுக்குப் போகிறவர்களுக்கு என் வீட்டுத் தரை என்ன நிறமாக இருந்தால் என்ன? இவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவிட்டு ஒளிந்துகொண்டார். மணல் நிறம்தான். சொல்லி அனுப்பிவிட்டேன்.

டிசம்பர் 8

விரிப்புப் போட உக்கடத்திலிருந்து நிஜாமுதீன் என்பவர் வந்திருக்கிறார். வாய் ஓயவில்லை. எந்தெந்த ஆஸ்பத்திரிக்குத் தரை போட்டார், எந்த டாக்டர் அவரைத் தோளில் தட்டினார் என்று ஒரே புராணம். நடுநடுவே வேலையும் செய்கிறார். டைல்ஸ் இடுக்குகளைக் கலவை போட்டு நிரவி, தண்ணீர் ஓடும் சரிவு கெடாமல் பார்த்து, காயவிட வேண்டுமாம். விரிப்பை ஒட்டிய பிறகும் ஒரு நாள் தண்ணீர் படக் கூடாதாம்.

அதுவரை மேல்வீட்டுக் குளியலறை. எனக்கு மாடிப்படி. அண்ணி தோளைக் கொடுத்தார்கள். பிடித்துக்கொண்டேன். வேறு வழியில்லை. கல்தூண் போன்ற தோள். ஏறும்போது ஒரு வார்த்தை கிண்டல் இல்லை. அதுவே எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

டிசம்பர் 11

தரை நன்றாக இருக்கிறது.

டிசம்பர் 12

நேற்று எழுதியதைப் பார்த்தால் டாக்டர் வலியே போய்விட்டது என்று நினைத்துவிடுவார். போகவில்லை. ஆனால் குளியலறைக்குப் போக வேண்டுமே என்ற பயத்தில் இத்தனை நாள் தண்ணீர் குடிக்காமல் இருந்தேன், அது இப்போது இல்லை. செருப்பில்லாமல் நிற்கிறேன். சில்லிடவில்லை. ஓரத்தில் இவர் ஒரு கைப்பிடியும் அடித்துக் கொடுத்தார். கோணலாக.

டிசம்பர் 15

புதுத் தரையில் பழுப்புக் கறை. சீயக்காயாக இருக்கும். இந்த வீட்டில் சீயக்காய் போடுவது அண்ணி ஒருவர்தான். கழுவிவிட்டு வரத் தெரியாதா என்று இவரிடம் கேட்டேன். இவரிடம் கேட்டால் அவர்களிடம் போய்ச் சேரும்.

டிசம்பர் 16

போய்ச் சேர்ந்திருக்கிறது. இன்று அண்ணி குளித்துவிட்டுத் தரையைப் பிரஷ் போட்டுத் தேய்க்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. குடித்த டம்ளரைக் கழுவி அறியாதவர்கள். பகலிலும் காலில் சாக்ஸ் போட்டிருக்கிறார்கள். பச்சைத் தண்ணீரில் குளிக்கும் வீராங்கனைக்குப் பகலில் குளிருகிறதாம்.

கோர்ட்டில் நான் கேட்காத பொய் இல்லை. இது எந்த வகை என்றுதான் தெரியவில்லை.

டிசம்பர் 18

காலையில் அண்ணி வெளியே வந்ததும் நான் உள்ளே போனேன். அவர்கள் தேய்த்துத்தான் இருந்தார்கள். ஆனால் கதவுப் பக்கம், கடைசியாகக் கால் வைத்த இடத்தில், ஒரு பாதம் அப்படியே பதிந்திருந்தது. குதிகால் வெறும் தண்ணீர். கட்டைவிரலுக்குக் கீழே ரோஸ் நிறம். நடுவில் கொஞ்சம் சிவப்பு.

சீயக்காய் சிவப்பாக இருக்காது.

அண்ணியின் அறைக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்து சாக்ஸை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"காலைக் காட்டுங்க."

"எந்தக் காலை? போ, போயி காப்பி போடு."

"அண்ணி, காலைக் காட்டுங்க."

"ஒரு சின்னக் கொப்புளம். ஷூவுல கல்லு ஏதோ கெடந்திருக்குது, கவனிக்கல."

"எப்போ?"

சாக்ஸை இன்னும் மேலே இழுத்துவிட்டார்கள்.

"எப்போன்னு கேட்டேன்."

"தாராபுரத்துலயே."

நான் கீழே உட்கார்ந்தேன். என் முட்டியால் தரையில் உட்கார முடியாது. உட்கார்ந்தேன். சாக்ஸை நானே கழற்றினேன். உள்ளே துணி, துணிக்குள் பஞ்சு, பஞ்சுக்கு அடியில் ஒரு குழி. நாற்றம் முகத்தில் அடித்தது. கட்டைவிரல் நாவல்பழ நிறத்தில் இருந்தது.

"இது வலிக்கலையா?"

"இல்ல அம்மிணி."

"இந்தக் குழியை வச்சுக்கிட்டா முள்ளு மேல நின்னு பேப்பர் படிச்சீங்க?"

"நான்தான் சொல்றேனே. ஒண்ணும் தெரியல. ரெண்டு மூணு வருசமாவே கால்ல ஒண்ணும் தெரியறதில்ல. சக்கரைன்னாங்க."

இரண்டு மூன்று வருஷம்! சர்க்கரை! யாரிடமும் சொல்லவில்லை. மாத்திரை போட்டால் போட்டது, மறந்தால் மறந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். படித்த முட்டாள் என்றேன். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் நகம் வெட்டியிருக்கிறதா, கால் கழுவியிருக்கிறதா என்று பார்த்த டீச்சர், தன் காலைப் பார்க்கவில்லை என்றேன். தரை கறுப்பாக இருந்திருந்தால் இந்த வீட்டில் ஒரு நாள் பிணமாகத்தான் எடுத்திருப்போம் என்றேன். இவர் ஓடி வந்து வாசலில் நின்றார்.

அண்ணி என்னைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்துச் சொன்னார்கள்:

"அப்பாவுக்கு எப்படி ஆச்சுன்னு உனக்கு ஞாபகம் இருக்குதா சென்னி? முதல்ல ஒரு வெரலுதான்னாங்க. அப்பறம் முழங்காலுக்குக் கீழ. அப்பறம் ஆளே இல்ல. நான் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்."

இவர் அழ ஆரம்பித்தார். இந்த வீட்டில் ஒருத்தராவது பயன்படும்படி இருக்கிறார்களா? நான் ஆட்டோவுக்குப் போன் செய்தேன்.

டிசம்பர் 18, மாலை

ஆஸ்பத்திரியில் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

சர்க்கரைப் புண் பார்க்கும் டாக்டர் ஒரு பெண். சின்ன வயது. கையில் ஒரு நைலான் இழை வைத்திருந்தார், தூண்டில் நரம்பு போல. "கண்ணை மூடிக்குங்க டீச்சர். நான் பாதத்துல தொடுவேன். தொடறது தெரிஞ்சா 'ஆமா'ன்னு சொல்லுங்க."

அண்ணி கண்ணை மூடி, முதுகை நிமிர்த்தி, அட்டென்ஷனில் உட்கார்ந்தார்கள். ஒரு தேர்வு என்றால் அதில் முதலாவதாக வர வேண்டும், அப்படிப்பட்ட முகம்.

டாக்டர் கட்டைவிரலில் தொட்டார். விரல்களுக்கு அடியில் தொட்டார். நடுப் பாதத்தில், ஓரத்தில், குதிகாலில். இழை வளையும் அளவுக்கு அழுத்தினார். அடுத்த காலிலும் அதே போல. அண்ணி காத்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அண்ணி கண்ணைத் திறக்காமலே, "நான் ரெடிங்க டாக்டர். ஆரம்பிக்கலாம்" என்றார்கள்.

டாக்டர் இழையை மேசைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தேன். சிறுநீரகப் படம். எதற்காக அதை அங்கே மாட்டியிருக்கிறார்கள் என்று தெரியவில்லை. பொருத்தமே இல்லை.

எக்ஸ்ரேயில் பார்த்தால் புண் எலும்பு வரை போயிருக்கிறது. கட்டைவிரலை எடுக்க வேண்டும். "இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா பாதத்தையே எடுக்க வேண்டியிருக்கும்மா" என்றார் டாக்டர். அண்ணி கையெழுத்துப் போடவில்லை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"பயமா அண்ணி?"

"இல்ல."

"பொய்."

"ஆமா."

"போடுங்க. நான் இங்கதான் இருப்பேன். வேற எங்க போறது, இவரு ஓட்டற வண்டியில ஏறவா?"

போட்டார்கள்.

டிசம்பர் 20

விரலை எடுத்துவிட்டார்கள். பாதம் தப்பித்தது.

டிசம்பர் 23

ஆஸ்பத்திரி காப்பி கழுநீர். பக்கத்துக் கட்டில் பெண்மணியின் சொந்தக்காரர்கள் ஊர்வலம் போல் வருகிறார்கள், ஆரஞ்சு உரிக்கிறார்கள், தோலைக் கட்டிலுக்கு அடியில் போடுகிறார்கள். "நீங்க பேஷன்ட்டுக்கு மகளா?" என்று ஒருத்தி கேட்டாள். என் தலை முழுக்க நரை. கண் தெரியாதா? எனக்குக் கால் வீங்கிவிட்டது. இவர் வீட்டுக்குப் போய்ப் படு என்கிறார். இவரை நம்பி விட்டுப் போனால் மருந்துச் சீட்டையே தொலைப்பார்.

டிசம்பர் 31

வீட்டுக்கு வந்தாயிற்று. அண்ணியின் கால்கட்டு நனையாமல் தண்ணீர் ஊற்ற வேண்டும். வெறும் காலோடு இனி ஒரு அடி வைக்கக் கூடாது, வீட்டுக்குள்ளும். குளியலறைக்குப் பட்டை வைத்த ரப்பர் செருப்பு. விரிப்பில் மணல், கல், உடைந்த பிளாஸ்டிக் எதுவும் கிடக்கக் கூடாது. அவர்களுக்குக் குத்தினால் தெரியாது. எனக்குத் தெரியும். அதனால் தினம் முதலில் நான் உள்ளே போய் நடந்து பார்க்கிறேன். சும்மா ஒரு பரிசோதனை.

ஜனவரி 2

அண்ணி குளிக்கமாட்டேன் என்கிறார்கள். நாள் கணக்கில். நர்ஸ் வேண்டாம், தம்பி வேண்டாம், யாரும் வேண்டாம். சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்கள்.

நானே குளிப்பாட்டினேன். பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்காரவைத்து, காலை உறையில் கட்டி இன்னொரு ஸ்டூலில் தூக்கி வைத்து. வெந்நீர்தான். பச்சைத் தண்ணீர் வீரம் போதும். என் விரல்களுக்குச் சோப்பு நிற்கவில்லை. இரண்டு தடவை விழுந்தது. அவர்கள்தான் எட்டி எடுத்துக் கொடுத்தார்கள். முதுகு தேய்க்கும்போது கேட்டார்கள்:

"அம்மிணி, உனக்கு வலிக்குதுன்னு சொல்றியே, அது எப்படி இருக்கும்?"

கிண்டலோ என்று பார்த்தேன். இல்லை.

"ஜல்லி மேல நடக்கற மாதிரி. உள்ளே நெருப்பு, மேலே ஐஸ். பெட்ஷீட் பட்டாக்கூட எரியும்."

"இப்போ நின்னுட்டிருக்கியே, இப்பவுமா?"

"இந்தத் தரையில கம்மி."

குனிந்து தரையைப் பார்த்தார்கள். பிறகு, "எனக்குத் தரை இருக்குதா இல்லையான்னே தெரியறதில்ல. பாத்துத்தான் கால் வைக்கறேன். இருட்டுல காத்துல நடக்கற மாதிரி இருக்குது. அதுக்குத்தான் திம் திம்முனு வைக்கறது. சத்தம் கேட்டா தரை வந்துருச்சுன்னு அர்த்தம்" என்றார்கள்.

தலையில் தண்ணீர் ஊற்றினேன். அவர்கள் முகம் நனைந்தது. எனக்கும் தெறித்தது. குளிப்பாட்டினால் அப்படித்தான்.

ஜனவரி 9

காலையில் அண்ணியின் பாதங்களைப் பார்ப்பது இப்போது என் வேலை. விரல் இடுக்கு, குதிகால், அடிப்பக்கம். கண்ணாடியை வைத்துத் தானே பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அண்ணிக்குக் கண்ணாடியைப் பிடிக்கத் தெரியவில்லை. கூரையைக் காட்டுகிறது. நேற்று குதிகாலில் ஒரு வெடிப்பை மறைக்கப் பார்த்தார்கள். திட்டித் தீர்த்தேன். அரைமணி நேரம். எனக்கும் பொழுது போக வேண்டுமே.

ஜனவரி 20

பதிலுக்கு அவர்கள் என்னைத் திட்டுகிறார்கள். மாத்திரை ஒரு வேளை விட்டால் விசில் ஊதுவது போல் ஒரு சத்தம். வாயாலேயே. என் விரல் பயிற்சிக்கு ரப்பர் பந்து வாங்கி வரச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுகிறார்கள். ஓடச் சொல்லவில்லை. அந்த மட்டுக்கும் புத்தி வந்திருக்கிறது.

பிப்ரவரி 4

இவர் இன்று காலை சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தார். பேரூர்ப் பக்கத்தில் முதியோர் இல்லம் ஒன்று இருக்கிறதாம். சுத்தமாக இருக்கிறதாம். நர்ஸ் உண்டாம். அக்காவுக்கு அறை சொல்லி வைத்துவிட்டாராம். நாளை வந்து கூட்டிக்கொண்டு போவார்களாம்.

"யாரைக் கேட்டுச் சொன்னீங்க?"

"நீதான ரத்தினா தினமும் கேட்டே? எப்போ போவாங்க, எப்போ போவாங்கன்னு? உனக்கும் முடியல. இவங்க வேலையையும் சேத்து இழுத்துப் போட்டுட்டு..."

கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் சொன்ன எதையும் காதில் வாங்காத மனிதர். கைப்பிடியை நேராக அடியுங்கள் என்றால் கோணலாக அடிப்பார். பால் வாங்கச் சொன்னால் தயிர் வாங்குவார். இந்த ஒன்றை மட்டும் வாங்கி, பத்திரமாக வைத்திருந்து, காரியமும் முடித்திருக்கிறார்.

"போனைக் கொடுங்க" என்றேன். இல்லத்து ஆள் எடுத்தார். தெய்வானை என்று இங்கே யாரும் வருவதாக இல்லை, அந்த அறையை வேறு யாருக்காவது கொடுங்கள் என்றேன். "சார் சொன்னாரே மேடம்?" என்றார். சார் சொல்வதையெல்லாம் நம்பினால் இல்லம் நடத்த முடியாது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

திரும்பினால் அண்ணியின் அறையில் பீரோ திறக்கும் சத்தம். எல்லாம் கேட்டிருக்கிறார்கள். கட்டில்மேல் பை. உள்ளே பாதிச் சேலைகள் திணித்தாயிற்று.

"என்ன பண்றீங்க?"

"போறேன் அம்மிணி. தம்பி சொல்றது சரிதான். எத்தனை நாளைக்கு நீ கீழ உக்காந்து என்ற காலைப் பாப்பே? உன்னால எந்திரிக்கவே முடியறதில்ல. நான் பாத்துட்டுத்தான இருக்கேன்."

"அங்க யாரு பாப்பா?"

"நர்ஸ் இருக்குதாம்."

"நர்ஸ் பாப்பா, சரி. திட்டுவாளா?"

அண்ணி கையிலிருந்த சேலையோடு நின்றார்கள்.

"கேக்கறேன்ல? வெடிப்பை மறைச்சா அவ திட்டுவாளா? ஒரு தரம் கேப்பா, நீங்க ஒண்ணுமில்லம்பீங்க, சரிங்க டீச்சர்னு போயிருவா. உங்க மூஞ்சியப் பாத்து பொய்யின்னு சொல்ல அங்க எவளுக்குத் தெரியும்?"

அண்ணி சேலையைக் கட்டில்மேல் போட்டார்கள். கண்ணைத் துடைக்கவில்லை, அந்த மாதிரி வழக்கமெல்லாம் அவர்களிடம் கிடையாது. மூக்கை மட்டும் ஒரு தடவை உறிஞ்சினார்கள். கட்டிலில் உட்கார்ந்தார்கள்.

பையைக் கவிழ்த்தேன். சேலை மடித்திருக்கும் லட்சணத்தைப் பார்க்க வேண்டும், பந்து போலச் சுருட்டி வைத்திருக்கிறார்கள். இத்தனை வருஷம் ஊர்ப் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்தவர்களுக்கு ஒரு சேலையின் ஓரத்தை ஓரத்தோடு சேர்க்கத் தெரியவில்லை. ஒரு முனையை அவர்கள் கையில் கொடுத்து இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். எல்லாவற்றையும் மறுபடி மடித்து பீரோவில் வைத்து முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது.